அலகில் புழுவோடு காத்திருக்கும் பறவை

என்னிடம் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெருமையாக நீட்டும் படங்களில் ஒன்று அடிக்கடி வரும். கிளையில் ஒரு பறவை, அலகில் பச்சைப் புழு, பார்வை நேராக லென்ஸை நோக்கி. இறகின் ஒவ்வொரு இழையையும் எண்ணலாம், அவ்வளவு துல்லியம். "எவ்வளவு நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தது?" என்று கேட்பேன். "பத்து நிமிஷம் சார், நன்றாக ஒத்துழைத்தது" என்பார்கள்.

அது ஒத்துழைக்கவில்லை. தனக்கென்று புழு பிடிக்கும் பறவை பெரும்பாலும் அங்கேயே அடித்து விழுங்கிவிடும். அலகில் வைத்துக்கொண்டே நிற்கிறதென்றால் அது குஞ்சுக்கான தீனி. கூடு பக்கத்தில் எங்கோ இருக்கிறது. உள்ளே போனால் கூடு இருக்கும் இடம் நமக்குத் தெரிந்துவிடும் என்பதால் வெளியிலேயே தவிக்கிறது. அந்தப் பத்து நிமிஷமும் குஞ்சுகள் பட்டினி.

இதைச் சொன்னால் சிலர் கோபப்படுகிறார்கள். "நான் தொடக்கூட இல்லையே!" சரி, தொடவில்லை. ஆனால் கூட்டுக்கு வரும் கெடுதலில் பாதி, நாம் பையை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் நடக்கிறது. தையல்சிட்டின் கூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இலையை மடித்து, ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் நாரையும் கோத்துத் தைத்த பை அது. மேலே தொங்கும் இன்னொரு இலை அதற்குக் கூரை. வெளிச்சம் போதவில்லை என்று அந்த ஒரே ஒரு இலையை ஒதுக்கிக் கட்டினால் போதும், நண்பகல் வெயில் நேராகக் குஞ்சின் மேல் விழும். காக்கை கண்ணுக்கும் கூடு தெரியும். மனிதர்கள் எந்தப் புதரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதையும் காக்கை கவனிக்கும். இதெல்லாம் நம் படத்தில் பதிவாகாது.

தரையில் முட்டையிடும் ஆட்காட்டிக்கு இன்னும் சங்கடம். கூடு என்று பெயருக்கு நாலு கல், அதன் நடுவே கல்லைப் போலவே முட்டை. கடும் வெயிலில் தாய், முட்டைக்குச் சூடு கொடுப்பதைவிட நிழல் கொடுப்பதுதான் அதிகம். தண்ணீரில் வயிற்றை நனைத்துவந்து முட்டையின் மேல் உட்காரும். நாம் ஒரு கோணம் தேடிச் சுற்றிச் சுற்றி வரும்போது அது எழுந்து கத்திக்கொண்டே பறக்கிறது. முட்டை வெந்துகொண்டிருக்கிறது. சில தரைப்பறவைகள் இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடும். அடிபட்ட பறவை என்று அதைப் படமெடுத்துப் பரிதாபப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்மைக் கூட்டிலிருந்து திசைதிருப்பப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

எல்லாப் பறவையும் இப்படி நாடகமாடிக்கொண்டிருக்காது. பறவைப் படங்களுக்குப் பேர்போன பிரிட்டன்காரர் எரிக் ஹாஸ்கிங், 1937இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே வேலை செய்தபோது அது தாக்கியதில் ஒரு கண்ணையே இழந்தார்.

கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இதே கணக்குதான். எதிரி எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது பாய்ந்து வருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் இது வேண்டவே வேண்டாம்.

பறவைக்கு இரங்குகிறவர்களும் பூச்சி என்றால் கொஞ்சம் அலட்சியமாகிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். தும்பியின் இளம்பருவம் தண்ணீருக்குள் கழிகிறது. பிறகு ஒரு நாள் கோரைத் தண்டில் ஏறி, முதுகுத் தோலைப் பிளந்துகொண்டு தும்பி வெளியே வரும். அப்போது இறக்கை ஈரத்துணிபோல் கசங்கியிருக்கும். நரம்புகளில் திரவம் ஏறி அது விரிந்து இறுகும்வரை பறக்க வழியில்லை. ஒரு விடியற்காலையில் அப்படி ஒன்று கிடைத்தது. பின்னால் ஒரு காய்ந்த கோரைத் தாள் படத்தைக் கெடுத்தது. அதை விலக்கப் போய்த் தண்டை ஆட்டிவிட்டேன். தும்பி நழுவி, கீழே இன்னொரு தாளில் பக்கவாட்டாக ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். மூன்று இறக்கை கண்ணாடிபோல் விரிந்திருந்தது. நான்காவது மடங்கியபடியே இறுகிவிட்டது. அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

தும்பியை நெருங்க முடியாது என்று அலுத்துக்கொள்ளத் தேவையில்லை. சில இனங்களுக்கு ஒரு கண்ணிலேயே ஏறத்தாழ முப்பதாயிரம் சிறு கண்கள். ஒளிந்து போக முடியாதுதான். ஆனால் பல தும்பிகள் பறந்துபோனாலும் அதே குச்சிக்கே திரும்பி வரும். துரத்தாமல் குச்சியருகே உட்காருங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது, பக்கவாட்டில் அசையக் கூடாது. முன்காலால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறதா? நிம்மதியாக இருக்கிறது, இன்னும் ஒரு சாண் போகலாம். வாலைச் செங்குத்தாகச் சூரியனை நோக்கித் தூக்கினால் போஸ் கொடுக்கிறது என்று நினைக்காதீர்கள். உடலில் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது.

பூச்சியின் உருவம் கேமராவின் சென்சாரில் அதன் உண்மையான அளவிலேயே விழும் மேக்ரோ படத்தில், லென்ஸின் திறப்பை எஃப் 8 என்று வைத்தால் துல்லியமாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். உடல் நீளமும் கேமராவின் பின்புறமும் இணையாக இருந்தால் தலையும் வாலும் ஓரளவு கிடைக்கும். இந்தச் சிரமத்துக்குப் பயந்து, பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கால்கள் பிடிமானம் இல்லாமல் ஒட்டவைத்ததுபோல் இருக்கும். பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

அப்புறம், கைபேசிப் படத்தோடு, அதை எடுத்த இடத்தின் குறிப்பும் சேர்ந்தே போய்விடலாம். கூட்டின் படத்தை நீங்கள் பகிர்ந்தால், அடுத்த நாள் பத்துப் பேருக்கு அது வழிகாட்டி. கைபேசியின் அமைப்பில் போய் இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள்.

"அப்படியானால் எதைத்தான் எடுப்பது?" என்பவர்களுக்கு நான் காட்டுவது பூத்த மரம். இலவம், புரசு போன்றவை இலையுதிர்த்துவிட்டுப் பூக்கும். மறைக்க இலை இல்லை, பூவில் தேன் நிறைய. மைனா, கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் தாமாகவே வரும். கூட்டைப்போல் அங்கே பதற்றம் இல்லை, பிடிக்கவில்லையென்றால் அடுத்த மரத்துக்குப் போய்விடும். பூவைப் பறித்துக் கோத்து அலங்காரம் செய்யாதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன் போய், ஒளி உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழும் தாழ்ந்த கிளையாகப் பார்த்து உட்காருங்கள். முதல் அரை மணி நேரம் கேமராவைத் தூக்க வேண்டாம். எந்தக் கொத்துக்கு எந்தப் பறவை எந்தப் பக்கமாக வருகிறது என்று பாருங்கள். தேன்சிட்டின் நெற்றியில் மகரந்தம் அப்பியிருப்பது தெரியும். சில வேளை பூவின் வாய் வழியாகப் போகாமல், அதன் அடியைக் குத்தித் தேனைத் திருடுவதும் தெரியும்.

போன பருவத்தில் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் தேன்சிட்டு என் முழங்கால் அருகே தொங்கிய பூவுக்கு வந்தது. தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் என் டெலி லென்ஸ் மூன்று மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. லென்ஸ் முன்னும் பின்னும் முனகிக்கொண்டே இருந்தது. சிட்டு பூவின் தேனைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பியது.