துடுப்பு நீரைப் பற்றுவது எப்படி?

தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு வங்கக்கடலின் அலைகளை மறித்து நிற்பதாலும், பல இடங்களில் இடுப்பளவு நீரே இருப்பதாலும், படகு பழகத் தொடங்கும் சாரணச் சிறுவர்களுக்கு இத்தகைய நீர்நிலை மிகவும் ஏற்றது. சாரணர் இயக்கத்துக்கு நீரோடு உள்ள உறவும் பழையதே: 1907இல் அதன் நிறுவனர் பேடன் பவல் தமது முதல் சோதனை முகாமைப் பிரவுன்சீ என்னும் இங்கிலாந்துத் தீவில்தான் நடத்தினார்.

முதன்முதலாகத் துடுப்பைக் கையில் எடுக்கும் சிறுவன், தண்ணீரை வேகமாகப் பின்னுக்குத் தள்ளினால் படகு வேகமாகப் போகும் என்று நம்பி, மூச்சிரைக்க அடிக்கிறான். நுரை பொங்குகிறது, தோள் வலிக்கிறது, படகோ பெயரளவுக்கே நகர்கிறது. துடுப்பு என்பது நெம்புகோல். படகின் விளிம்பிலுள்ள இரும்புக் கவை அதைத் தாங்குகிறது. படகில் இருப்பவனுக்குத் துடுப்பின் தட்டையான முனையாகிய அலகு பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றினாலும், கரையில் நின்று பார்ப்பவருக்கு அலகு ஏறக்குறைய ஒரே இடத்தில் ஊன்றி நிற்க, படகுதான் அதைக் கடந்து முன்னேறுவது தெரியும். நீரைப் பற்றிக்கொண்டு படகை இழுப்பதே துடுப்பின் வேலை.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 5 கிலோ நீரை நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும், 20 கிலோ நீரை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் படகுக்குக் கிடைக்கும் உந்தம் ஒன்றே. ஆனால் நீருக்குள் போய்ச் சேரும் ஆற்றல் முதல் முறையில் 40 ஜூல், இரண்டாவதில் 10 ஜூல் மட்டுமே. அதனால்தான் அலகு முழுவதும் நீருக்குள் மூழ்கியபின், அவசரமில்லாமல், காலை உதைத்து முதுகைச் சாய்த்துத் துடுப்பை வலிக்கவேண்டும், அதாவது இழுக்கவேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துகிறார்கள். துடுப்பு வலிப்பவன் படகின் பின்புறமாகிய அமரத்தைப் பார்த்தே உட்கார்வதால், தன் வேலையின் தரத்தை அவனே கண்ணால் காணலாம்: நன்றாக வலித்த ஒவ்வொரு வலிப்புக்கும் நுரையற்ற, இறுக்கமான சிறு சுழல் ஒன்று நீரில் எஞ்சி நிற்கும், அடுத்தடுத்த சுழல்களுக்கு இடையே தூரம் கூடக்கூடப் படகு நன்றாக ஓடுகிறது என்று பொருள்.

திருப்புவது எளிது. ஒரு துடுப்பை வலித்து மற்றதை எதிர்ப்புறமாகத் தள்ளினால் படகு நின்ற இடத்திலேயே சுழலும்.

எழுந்து நிற்பது மட்டும் கூடவே கூடாது. படகு சாயும்போது மூழ்கிய பகுதியின் வடிவம் மாறி, நீரின் மேல்நோக்கு விசை சாய்ந்த பக்கத்துக்கு நகர்ந்து, படகை மீண்டும் நிமிர்த்துகிறது. சிறுவன் எழுந்தால் மொத்த எடையின் மையம் உயர்ந்துவிடும். பிறகு அதே சாய்வில் எடை அந்த விசையையும் தாண்டி வெளியே விழ, படகு கவிழ்கிறது.

முகத்துவாரத்தை நெருங்கும்போது வேறொரு கணக்கு வருகிறது. கடல்மட்டம் தாழும் வற்றத்தின்போது காயல் நீர் கடலை நோக்கி இழுக்கும். படகின் வேகம் நொடிக்கு 1 மீட்டர், நீரோட்டம் அதில் பாதி என்று கொள்வோம். நேர் எதிர்க்கரையை நோக்கிப் படகின் முன்புறமாகிய அணியத்தை வைத்து 100 மீட்டர் கடப்பவன் 50 மீட்டர் கீழே அடித்துச் செல்லப்படுவான். அணியத்தை நீரோட்டத்துக்கு எதிராக 30 பாகை திருப்பி வலித்தால், சுமார் 15 நொடி கூடுதலாகச் செலவாகும்; ஆனால் குறித்த இடத்திலேயே கரை சேரலாம். எதிர்க்கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு கூரையையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு, அவை விலகாதபடி வலிப்பதே இதற்கான நடைமுறை வழி. அமரத்தைப் பார்த்து உட்காரும் சிறுவன் அவ்வப்போது தோளுக்கு மேலாகத் திரும்பி அந்தக் கோட்டைச் சரிபார்க்கவேண்டும். இருவர் செல்லும் படகில் சுக்கான் பிடிப்பவரே அதைப் பார்த்துக்கொள்வார்.