படம் பார்க்கிற கம்ப்யூட்டருக்கு எதற்கு இவ்வளவு பெரிய கார்டு?

இந்த மாதத்தில் இது நான்காவது பெட்டி. தூக்கி மேசையில் வைப்பதற்குள் கை கனத்துவிட்டது. பக்கவாட்டில் கண்ணாடி, முன்னால் வண்ண வண்ணமாக எரியும் மூன்று ஃபேன், உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. "டிவியில் மாட்டிப் படம் பார்க்கத்தான் சார் அசெம்பிள் பண்ணினோம். அமைதியான காட்சி வந்தால் வசனமே கேட்கவில்லை, ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. 4கே படம் போட்டால் அங்கங்கே இழுக்கிறது" என்றார் கொண்டுவந்தவர். நான் எதிர்பார்த்த கேள்வியும் உடனே வந்தது: "இதைவிடப் பெரிய கார்டாகப் போட்டுவிடலாமா?"

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

அவர் கண்ணெதிரே அவருடைய படத்தையே ஓடவிட்டு, எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அதில் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப்பின் பக்கத்தில் 'வீடியோ டீகோட்' (சுருக்கிய வீடியோவை விரிப்பது) என்று ஒரு சின்ன வரைபடம் இருக்கும். அது தரையோடு தரையாகக் கிடந்தது. சிபியு, அதாவது பிராசசரின் வரைபடமோ எழுபது, எண்பது சதவீதத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. அப்புறம் சோதனைக்காக நான் வைத்திருக்கும் உள்ளங்கை அளவு மினி பிசியில் அதே ஃபைலைப் போட்டேன். அதில் இருப்பது இன்டெல் என்100, 6 வாட் வகையைச் சேர்ந்த சிப். படம் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது. டீகோட் வரைபடம் மேலே ஏறி நின்றது, சிபியு பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அவர் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வருகிறவர்கள் எல்லோரிடமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். படம் ஓட்டுவது பலத்தால் நடக்கிற வேலை கிடையாது. பூட்டைத் திறக்கச் சாவி வேண்டும், சம்மட்டி எதற்கு? சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கேம் ஓட்டுகிற பகுதி வேறு, இது வேறு. கேமுக்கான பகுதி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உங்கள் ஃபைலின் கோடெக், அதாவது அதைச் சுருக்கிய முறை, இந்தத் தனிப்பகுதிக்குத் தெரியாவிட்டால் வேலை மொத்தமும் சிபியு தலையில் விழும். சிபியு பலசாலியாக இருந்தால் சமாளித்துவிடும். ஆனால் சூடேறும், சூடேறினால் ஃபேன் கத்தும். அவர் கேட்ட சத்தம் அதுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "பெரிய கார்டு போட்டால் பிக்சர் குவாலிட்டி கூடும்" என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஒரே ஃபைலைச் சரியாக டீகோட் செய்தால் சின்ன சிப்பும் பெரிய கார்டும் கொடுப்பது ஒரே படம்தான். தரத்தைத் தீர்மானிப்பது ஃபைலும் திரையும், நடுவில் நீங்கள் வைக்கிற செட்டிங்கும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. புரொஜெக்டர் வைத்துக்கொண்டு, மேட்விஆர் போன்ற மென்பொருளால் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வித்தியாசம் காட்டும்) படத்தைத் தங்கள் திரைக்கு ஏற்றபடி கணக்கிட்டு மாற்றிப் பார்க்கிறவர்களுக்குப் பெரிய கார்டு தேவைப்படும். அவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது, தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, எந்தச் சிப்பில் எந்தச் சாவி இருக்கிறது? இன்றைக்குப் பார்க்க வேண்டிய கோடெக்குகள் இரண்டு. முதலாவது எச்இவிசி 10 பிட். 4கே எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்து இதற்கு முழுமையான ஆதரவு இருக்கிறது. என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தும், ஏஎம்டி-யில் ஆர்எக்ஸ் 400 வரிசையிலிருந்தும் பயப்படாமல் வாங்கலாம். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 970 அந்த நாளில் உயர்ந்த கார்டு, 145 வாட் வகை. எச்இவிசிக்கான முழுமையான தனிப்பகுதி அதில் இல்லை. இரண்டாவது சாவி ஏவி1. யூடியூப் இதை ஏற்கெனவே பயன்படுத்துகிறது. இன்டெல்லில் பதினோராம் தலைமுறை, என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை, ஏஎம்டி-யில் ஆர்எக்ஸ் 6000 வரிசை தொடங்கி இது உண்டு. அந்த 6000 வரிசையிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது: சின்னதாக, டிவி பெட்டிக்கு அளவெடுத்தாற்போலத் தெரியும் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் ஏவி1 டீகோட் கிடையாது. ஏஎம்டி-யின் ரைசன் 5000 வரிசை பிராசசர்களில், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ஜி சிப்புகளிலும் கிடையாது. டெஸ்க்டாப் ரைசன் 7000 வரிசையில், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் சிப்புகளில் உண்டு.

பேரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். விலை கொஞ்சம் குறைகிறதே என்று எஃப் வாங்கி, அப்புறம் அதற்காகவே ஒரு கார்டு வாங்கி, அந்தக் கார்டுக்காகப் பெரிய எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பாகம்), பெரிய கேபினெட், கூடுதல் ஃபேன் என்று போகிறவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். நான்காவது பெட்டியின் கதையும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. யாரோ ஒரு கேமிங் பட்டியலைக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டில் சும்மா கிடந்த பழைய கார்டை அதில் செருகியிருக்கிறார்கள்.

சிப் சரியாக இருந்தும் கோட்டை விடுகிற இடம் எச்டிஎம்ஐ போர்ட். பிராசசருக்கு 4கே 60 ஹெர்ட்ஸ், அதாவது திரையை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் படம், கொடுக்கத் தெரியும். மதர்போர்டில் இருப்பதோ எச்டிஎம்ஐ 1.4, 4கே-யில் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிவியில் மவுஸ் அம்பு பசையில் சிக்கியதுபோல் நகர்ந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். 2.0 என்றால் 18 ஜிபிபிஎஸ், 4கே 60 ஹெர்ட்ஸுக்குப் போதும். 2.1-இன் 48 ஜிபிபிஎஸ் 120 ஹெர்ட்ஸில் கேம் ஆடுகிறவர்களுக்கு வேண்டும். படத்துக்கு 2.0 தாராளம். பெட்டியில் 'எச்டிஎம்ஐ' என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள். அந்த மதர்போர்டின் விவரப் பக்கத்துக்குப் போய் 4096 x 2160-க்கு எதிரே 30 போட்டிருக்கிறதா, 60 போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் இருந்தால் அதுவும் இதே தேர்வில் தேற வேண்டும், கேபிளும் தேற வேண்டும். 18 ஜிபிபிஎஸ்ஸுக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரை, 48-க்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' முத்திரை. படம் நடுநடுவே கறுத்துத் திரும்ப வந்தால் கார்டைக் குறை சொல்வதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இழுக்கிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எந்தப் பாகத்திலும் குறை இருப்பதில்லை. சினிமா வினாடிக்கு 24 பிரேம், டிஜிட்டல் வெளியீடுகளில் பெரும்பாலும் 23.976. டிவிக்குக் கம்ப்யூட்டர் அனுப்புவது 60. அறுபதில் இருபத்துநான்கு சரியாக வகுபடாது. அதனால் ஒரு பிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறிக் காட்ட வேண்டியிருக்கிறது. கேமரா மெதுவாகத் திரும்பும்போது தெரிகிற அந்த நடுக்கம் இதுதான். எந்தக் கார்டு வாங்கினாலும் இது போகாது. கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளில், படத்துக்கு ஏற்ப ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டால் போய்விடும். விண்டோஸில் 24, 23 என்று இரண்டும் இருந்தால் 23.976 படத்துக்கு 23-ஐத் தேர்ந்தெடுங்கள். 24-இல் வைத்தால் ஏறக்குறைய 42 வினாடிக்கு ஒரு முறை ஒரு பிரேம் இரண்டு முறை வந்து சின்னதாகத் தட்டும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் படத்தைவிட்டு அதையே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள்.

சவுண்ட் கார்டு வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். எச்டிஎம்ஐ வழியாகப் போவது டிஜிட்டல் ஒலி, அதை ஒலியாக மாற்றுவது உங்கள் ரிசீவர். நடுவில் சவுண்ட் கார்டுக்கு வேலையே இல்லை. ஆப்டிக்கல் கேபிளில் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற தரம் குறையாத ஒலி வகைகள் போகாது. டிவிக்குப் போய் அங்கிருந்து சவுண்ட்பாருக்கு ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ ஒயரிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக வருவதானாலும் அவை வராது, அதற்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். இதைக் கடைசியில் யோசிக்காதீர்கள். பாகம் வாங்குவதற்கு முன்பே, எதிலிருந்து எதற்கு எந்த ஒயர் போகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

இப்போது சத்தம். கேமிங் பட்டியல்களில் இதற்கென்று ஒரு வரிகூட இருக்காது. கேம் ஆடும்போது ஹெட்போன் இருக்கும், துப்பாக்கிச் சத்தம் இருக்கும். படத்தில் இரண்டு பேர் கிசுகிசுவென்று பேசுவார்கள், நீங்கள் பெட்டியிலிருந்து சில அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் முதல் கேள்வி, பெட்டி எங்கே இருக்கப் போகிறது? கதவு போட்ட டிவி அலமாரிக்குள் என்றால் எந்தக் கூலரும் காப்பாற்றாது, உள்ளே இருக்கிற சூடான காற்றையேதான் அது திரும்பத் திரும்பச் சுற்றும். பின்பலகையில் காற்று போக வழி வெட்டுங்கள், அல்லது வெளியே வையுங்கள். சின்ன ஃபேன் பல போடுவதைவிட 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று 600, 700 ஆர்பிஎம்மில் மெதுவாகச் சுற்றட்டும். மெலிந்த கேபினெட்டுகளில் வரும் 40 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த எஸ்எம்பிஎஸ் கீச்சென்று கத்தும். படம் ஓடும்போது இப்படிப்பட்ட கம்ப்யூட்டர் இழுப்பது பெரும்பாலும் 20 முதல் 40 வாட். அதற்கு 850 வாட் எஸ்எம்பிஎஸ் எதற்கு? நல்ல தரமான 450 வாட் போதும். குறைந்த சுமையில் ஃபேனையே நிறுத்திவிடும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கேபினெட்டின் விவரத்தில் கூலர் உயரம் எவ்வளவு வரை தாங்கும் என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் கூலர் வாங்கிவிட்டு, மூடி மூடவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதன் அதிர்வு மரப்பலகையில் இறங்கி உறுமும். விண்டோஸுக்கு ஒரு சாதாரண எஸ்எஸ்டி, படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் வேறு அறையில். அதிவேக என்விஎம்இ எஸ்எஸ்டி-தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: யுஎச்டி ப்ளூரே டிஸ்க்கின் உச்சவேகமே 128 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 16 மெகாபைட். பழைய ஹார்ட் டிஸ்க்கே இதைப்போல் பல மடங்கு கொடுக்கும். அந்த அறையிலிருந்து கிகாபிட் லேன் கேபிள் ஒன்று இழுத்துவிட்டால் போதும். பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், பெரிய ஃபைல்கள் டிவியின் சொந்த ஆப்பில் திணறுவதற்கு அது ஒரு காரணம்.

ரேம் 8 ஜிபி போதும், ஆனால் ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். உள் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. வயர்லெஸ் கீபோர்டின் டாங்கிளை யுஎஸ்பி 3 போர்ட்டில், ஹார்ட் டிஸ்க் ஒயருக்குப் பக்கத்தில் செருகிவிட்டு "கீபோர்டு விட்டுவிட்டு வேலை செய்கிறது" என்று வருகிறார்கள். யுஎஸ்பி 3-இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. யுஎஸ்பி 2 போர்ட்டில், ஒரு நீட்டிப்பு ஒயர் போட்டு முன்பக்கம் கொண்டுவாருங்கள். டிவி ரிமோட்டிலேயே எல்லாவற்றையும் இயக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ரிமோட்டின் கட்டளையை எச்டிஎம்ஐ ஒயர் வழியாகக் கொண்டுவரும் சிஇசி வசதி கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை, தனி அடாப்டர் வேண்டும்.

வாங்குவதற்கு முன் என் வேண்டுகோள் ஒன்று. நீங்கள் பார்ப்பதெல்லாம் கட்டணச் சேவைகளின் படங்கள்தான் என்றால் கம்ப்யூட்டரே வேண்டாம். பிரவுசரைப் பொறுத்து அவை தெளிவுத்திறனைக் குறைத்துவிடும், லினக்ஸ் என்றால் இன்னும் கஷ்டம். டிவியில் செருகும் சின்ன ஸ்ட்ரீமிங் பெட்டி அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். யுஎச்டி ப்ளூரே டிஸ்க் வாங்கிப் போட்டுப் பார்க்கிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அந்த டிஸ்க்குகளை முறைப்படி ஓட்டக் கம்ப்யூட்டரில் இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பதினோராம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளிலிருந்து இன்டெல் அதை எடுத்துவிட்டது. புதிதாக வாங்கும் சிப் எவ்வளவு உயர்ந்ததானாலும் டிஸ்க் ஓடாது. தனி பிளேயர் வாங்கிவிடுங்கள்.

நான்காவது பெட்டிக்கு வருகிறேன். கார்டைக் கழற்றினேன். நல்லவேளையாக மதர்போர்டில் இருந்தது எச்டிஎம்ஐ 2.0. எஃப் சிப்பை எடுத்துவிட்டு, அதே சாக்கெட்டில் உட்காரும், உள் கிராபிக்ஸ் உள்ள சின்ன சிப்பைப் போட்டேன். முன்பக்க ஃபேன் மூன்றையும் நிறுத்தி, பின்னால் ஒன்றை மட்டும் 600 ஆர்பிஎம்மில் விட்டேன். வசனம் கேட்கவில்லை என்று சொன்ன அதே காட்சியைத் திரும்பப் போட்டோம். பேசுகிறவர்களுக்குப் பின்னால் வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது. அந்த மழைச் சத்தம் அந்தக் காட்சியில் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.