புளூடூத் என்ற சொல்லும் ஊடலை என்ற தமிழும்

கைப்பேசி உதிரிப்பொருள் விற்கும் சிறு கடை ஒன்றில் கால்மணி நேரம் நின்றால், புளூடூத் என்னும் சொல் தமிழ்ப் பேச்சில் எங்கே வந்து நிற்கிறது என்பது தெரிந்துவிடும். “அண்ணே, ஐந்நூறு ரூபாய்க்குள்ள ஒரு நல்ல ப்ளூடூத் எடுங்க” என்கிறார் வாடிக்கையாளர். கடைக்காரர் மறுகேள்வி கேட்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் ஒன்றையும், வெள்ளைச் சிமிழுக்குள் கிடக்கும் இயர்பட்ஸ் ஒன்றையும் எடுத்து வைக்கிறார். சிமிழைத் திறந்ததும் நீல விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னுகிறது. கேட்டவரும் கொடுத்தவரும் கம்பியில்லாத செவிக்கருவி என்ற பொருளில்தான் அச்சொல்லை வழங்குகிறார்கள். அக்கருவிக்குள் இயங்கும் வானொலி நுட்பத்தின் பெயர் அது என்பது அந்த இடத்தில் இருவருக்கும் தேவைப்படவில்லை.

இதைப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. “யாழ் கேட்டு மகிழ்ந்தாள்” என்னும்போது கருவியின் பெயர் இசைக்கு ஆகிவருவதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இங்கே நுட்பத்தின் பெயர் அதனால் இயங்கும் கருவிக்கு ஆகிவந்திருக்கிறது. நேர்மையான ஆகுபெயர் இது. உண்மையில் இச்சொல் தமிழுக்கு வந்துசேர்வதற்கு முன்பே இரண்டு முறை பொருள் தாவியிருக்கிறது. பல்லிலிருந்து ஓர் அரசனுக்கும், அரசனிடமிருந்து ஒரு நுட்பத்துக்கும் தாவிய பிறகே, மூன்றாவது தாவலாக நம் காதுக்கு வந்திருக்கிறது. புளூடூத்துக்குச் சிலர் நீலப்பல் என்றும் சிலர் ஊடலை என்றும் சொல்லும்போது, சரியான தமிழ்ச்சொல் எது என்ற கேள்விக்கு விடை காண வேண்டுமானால், இந்த மூன்றில் எதைத் தமிழாக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட அரசன் ஹரால்டு, கோர்ம் என்பவனின் மகன். ஏறத்தாழ 958 முதல் 986 வரை அவன் ஆட்சி நடந்தது. யூட்லாந்துப் பகுதியில் உள்ள யெல்லிங் என்ற ஊரில், தன் தாய் தந்தையர் நினைவாக அவன் நாட்டிய பெருங்கல் இன்றும் நிற்கிறது. டென்மார்க்கு முழுவதையும் நார்வேயையும் வென்று, டேனியர்களைக் கிறித்தவர்களாக்கியவன் தான் என்று அந்தக் கல்லில் ரூனிக் என்னும் பழைய வடஐரோப்பிய எழுத்துகளில் அவன் பொறித்துவைத்திருக்கிறான். ‘பல்’ பற்றிய பேச்சு அந்தக் கல்லில் இல்லை. புளோட்டான் என்ற பட்டப்பெயர், அவன் இறந்து ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட ஒரு சரிதத்தில்தான் முதன்முதலில் தலைகாட்டுகிறது. அதன் ஆங்கில வடிவமே புளூடூத். உயிரற்றுக் கறுத்துப்போன பல் ஒன்று அவன் வாயில் தெரிந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அக்கால வடஐரோப்பியர் பேசிய பழைய நார்ஸ் மொழியில் நீலத்தைக் குறித்த சொல்லே கருமையையும் குறித்தது என்பதால் இந்த விளக்கம் பொருந்தி வருகிறது. திருமாலை நீலமேனியன் என்றும் கார்வண்ணன் என்றும் ஒரே மூச்சில் பாடும் நமக்கு, நீலமும் கருமையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து நிற்பது புதிதன்று.

இலக்கணக் கண்ணோடு பார்த்தால், இந்தப் பட்டப்பெயர் நாம் அன்மொழித்தொகை என்று வழங்கும் வகையைச் சேர்ந்தது. “பொற்றொடி வந்தாள்” என்றால் தொடி வரவில்லை. அதை அணிந்த பெண் வருகிறாள். நீலப்பல் என்றால் பல் அன்று. அதை உடைய மன்னன். நம் நாட்டிலும் இப்படி உடற்குறியால் பெயர்பெற்ற அரசர்கள் உண்டு. நெருப்பில் கரிந்த காலை உடையவன் என்பதால் அப்பெயர் பெற்றதாக மரபு சொல்லும் கரிகாலனும், செந்நிறக் கண்ணால் பெயர்பெற்ற கோச்செங்கணானும் உடனே நினைவுக்கு வருவார்கள். காவிரியின் குறுக்கே கல்லணை எழுப்பிய அரசனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர், கரிகாலன் என்ற பெயரைக் ‘கறுப்புக் கால்’ என்று மொழிபெயர்த்து எழுதினால் நாம் ஏற்றுக்கொள்வோமா? அதே நியாயம் டேனிய அரசனுக்கும் உண்டு. புளூடூத்தை ‘நீலப்பல்’ என்று தமிழாக்குவதை நான் மறுப்பதற்கு முதற்காரணம் இதுவே. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும், அந்தத் தமிழில் அரசனும் இல்லை, அலையும் இல்லை. பல் மட்டுமே மிஞ்சுகிறது.

அரசனின் பெயர் நுட்பத்தின் பெயரான கதை 1997இல் நடந்தது. குறைந்த தொலைவுக்குள் கம்பியின்றிக் கருவிகளை இணைக்கும் ஆய்வு, சுவீடனின் லுண்ட் நகரில் இருந்த எரிக்சன் நிறுவனத்தில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர் 1994 முதல் அதன் அடிப்படையை வகுத்தவர்களுள் முதன்மையானவர். இன்டெல், நோக்கியா போன்ற நிறுவனங்களும் அதே காலத்தில் அதே தேவைக்குத் தத்தம் வழியைத் தேடிக்கொண்டிருந்தன. எல்லாரும் சேர்ந்து ஒரே நெறிமுறையை உருவாக்கலாம் என்று முடிவானபோது, அதுவரை எல்லாரும் அழைக்க ஒரு தற்காலிகப் பெயர் வேண்டியிருந்தது. ஹரால்டு வாழ்ந்த வைக்கிங் காலத்து வரலாற்றில் ஈடுபாடு கொண்டிருந்த இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக், சிதறிக்கிடந்த நிலங்களை ஒன்றாக்கிய ஹரால்டின் பெயரை முன்மொழிந்தார். கணினித் துறையையும் கைப்பேசித் துறையையும் ஒன்றாக்க வந்த முயற்சிக்கு அது பொருத்தமாக இருந்தது. நிலையான பெயர்களாகக் கருதப்பட்ட வேறு இரண்டில், ஒன்று இணையத்தில் ஏற்கெனவே எங்கும் புழங்கிவந்த பொதுச்சொல்லாக இருந்தது. மற்றொன்றின் வணிகப் பெயர் உரிமையை உரிய காலத்துக்குள் சரிபார்க்க முடியவில்லை. 1998இல் ஐந்து நிறுவனங்களின் கூட்டமைப்பு வெளியே அறிவிக்கப்பட்டபோது, தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. கைப்பேசித் திரையின் மேல்விளிம்பில் நாம் நாள்தோறும் காணும் சின்னம், அந்த அரசனின் பெயருக்கும் பட்டத்துக்கும் உரிய முதலெழுத்துகளான ஹகல், பியர்கன் என்னும் இரண்டு ரூனிக் எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைத்து வரைந்தது.

இனி நுட்பத்துக்கு வருவோம். தமிழ்ச்சொல் எதைச் சுட்ட வேண்டும் என்பது இங்கேதான் தெளிவாகும். புளூடூத் ஒரு வானொலி. நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிரும் அலைகளில் அது பேசுகிறது. அந்த அலை ஒவ்வொன்றின் நீளமும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். பல நாடுகளிலும் உரிமம் பெறாமலே பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட அலைவரிசைப் பகுதி இது என்பதால், வைஃபையும் இதே தெருவில்தான் நடக்கிறது. சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே அளவு அதிர்வில்தான் உணவைச் சூடாக்குகிறது. இத்தனை நெரிசலுக்கு நடுவே, மிகக் குறைந்த ஆற்றலில் ஒலிபரப்பும் சின்னஞ்சிறு கருவி ஒன்று தன் பேச்சைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை அழகானது. அது எந்த ஓர் அலைவரிசையிலும் தங்குவதில்லை. ஒதுக்கப்பட்ட பகுதியை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1600 முறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. எந்தத் தடத்துக்கு அடுத்து எந்தத் தடம் என்ற வரிசை, இணைந்திருக்கும் கருவிகளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தால் அப்போது அனுப்பிய செய்தித் துணுக்கு மட்டுமே பழுதுபடும். அதை அடுத்த தாவலில் திரும்ப அனுப்பிக்கொள்ளலாம். 2003இல் வந்த பதிப்பிலிருந்து, தொடர்ந்து இரைச்சலாக இருக்கும் தடங்களைக் கண்டறிந்து விலகிச் செல்லவும் அது கற்றுக்கொண்டது.

நாம் கேட்கும் பாட்டும் இவ்வாறே வருகிறது. கைப்பேசி பாட்டைச் சுருக்கித் துணுக்குகளாக வெட்டி, தாவித் தாவி அனுப்ப, காதுக்குள் இருக்கும் கருவி அவற்றைச் சேமித்து, வரிசைப்படுத்தி, விரித்து ஒலிக்கச் செய்கிறது. விளையாட்டுச் செயலிகளில் சுட்ட பிறகு சற்றுத் தாமதித்துச் சத்தம் கேட்பது இந்தச் சுருக்கலுக்கும் சேமித்தலுக்கும் விரித்தலுக்கும் ஆகும் நேரத்தால்தான். 2010இல் வந்த குறையாற்றல் வகை, 40 தடங்களோடும் பெரும்பாலும் உறக்கத்தோடும் இயங்குவதால், பொத்தான் அளவு மின்கலத்தில் மாதக்கணக்கில் உழைக்கிறது. உடற்பயிற்சிப் பட்டையும் எடைபார்க்கும் கருவியும் அதன் பிள்ளைகள்.

இப்போது ‘ஊடலை’க்கு வரலாம். வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் தமிழ்ச்சொற் பட்டியலில் வைஃபைக்கு அருகலை, ஹாட்ஸ்பாட்டுக்குப் பகிரலை, புளூடூத்துக்கு ஊடலை என்று இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மூன்றும் அலை என்று முடிவதால் ஒரு குடும்பமாக மனத்தில் நிற்கின்றன. ஊடு என்னும் குற்றியலுகரச் சொல்லோடு அலை சேரும்போது உகரம் கெட்டு ஊடலை என்றாவதும் மரபுப்படியே அமைந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு தடைகளைச் சொல்லாமல் விட முடியாது. முதலாவது, தொலைவைப் பற்றியது. வீட்டையும் அலுவலகத்தையும் தழுவிப் பரவும் வைஃபையைவிட, பெரும்பாலும் பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும் புளூடூத்துக்கே அருகலை என்ற பெயர் பொருந்தும். பட்டியல் எழுதியவர் இரண்டையும் மாற்றி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அருகலை இதற்குள் வைஃபைக்கு வேரூன்றிவிட்டது. புழக்கத்தில் ஊன்றிய சொல்லைப் பிடுங்கி மற்றொன்றுக்கு நடுவது குழப்பத்தையே வளர்க்கும்.

இரண்டாவது தடை ஆழமானது. ஊடு என்றதும் ஊடுருவலும், எலும்பைப் படம்பிடிக்கும் ஊடுகதிரும் நினைவுக்கு வருகின்றன. எதையும் துளைத்துச் செல்லும் அலை என்று பொருள் கொள்ளத் தோன்றும். புளூடூத் அலை அவ்வாறு துளைப்பதில்லை. நீர் நிறைந்த நம் உடலே அதைப் பெருமளவு விழுங்கிவிடும். காதில் பாட்டை ஒலிக்கவிட்டுத் திறந்த திடலில் நடந்துகொண்டே, கைப்பேசியைக் கால்சட்டையின் எதிர்ப்பக்கப் பின்பைக்கு மாற்றிப் பாருங்கள். பாட்டு அங்கங்கே அறுந்து ஒலிப்பது உண்டு. அறைக்குள் அவ்வளவாக அறுவதில்லை. காரணம், அலை உடலைத் துளைத்து வருவதில்லை. சுவரில் பட்டுத் திரும்பிச் சுற்றி வருகிறது.

ஆனால் ஊடு என்பதற்குத் துளைத்தல் மட்டுமே பொருளன்று. இடையில் என்பதும் பொருள். கரும்பு வரிசைகளுக்கு இடையே உளுந்து விதைக்கும் உழவர் அதை ஊடுபயிர் என்கிறார். நெசவாளர் நீளவாக்கில் கட்டிய நூலைப் பாவு என்றும், அதற்குக் குறுக்கே நாடா என்னும் தறிக்கருவியில் ஓடிவரும் நூலை ஊடை என்றும் சொல்கிறார். தறியின் முன் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும்: ஊடை பாவைத் துளைப்பதில்லை, விரிந்து நிற்கும் இழைகளின் இடையே சிலவற்றின் மேலாகவும் சிலவற்றின் கீழாகவும் நுழைந்து வெளிவந்து, இரண்டையும் ஒரே துணியாக்குகிறது. எழுபத்தொன்பது தடங்கள் பாவு போல விரிந்திருக்க, அவற்றிடையே ஒவ்வொன்றாகத் தாவிச் சென்று இரு கருவிகளைச் சேர்த்துக் கட்டும் அலையை ஊடலை என்பது, இந்தப் பொருளில், மிகச் சரியான பெயர். இதை உருவாக்கியவர் தறியை நினைத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. சொல் அந்தப் பொருளைத் தாங்குகிறது. ஆகவே நான் ஊடலையையே பரிந்துரைக்கிறேன்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு சொல்லிலும் கவனம் தேவை. புதிய கருவியை முதன்முறை சேர்ப்பதும், ஏற்கெனவே சேர்ந்த கருவி மறுநாள் தானாகத் தொடர்புகொள்வதும் வெவ்வேறு செயல்கள். தமிழில் இரண்டையும் இணைத்தல் என்றே எழுதிவருகிறோம். முதலாவதில் இரு கருவிகளும் தமக்குள் ஒரு மறைத்திறவை, அதாவது தமக்கு மட்டும் தெரிந்த இரகசியச் சாவியை, உருவாக்கிச் சேமித்துக்கொள்கின்றன. பழைய செவிக்கருவிகளில் நான்கு சுழியங்களைத் தட்டியதும், இப்போது இரு திரைகளிலும் தோன்றும் ஆறிலக்க எண் ஒன்றா என்று ஒப்பிடுவதும் அதற்காகத்தான். இரண்டாவதில் அந்தத் திறவைக் கொண்டு ஒன்றை மற்றொன்று அடையாளம் காண்கிறது. முன்னதை அறிமுகம் என்றும் பின்னதை மட்டும் இணைப்பு என்றும் பிரித்து வழங்கினால், “இணையவில்லை” என்று முறையிடுபவரிடம் எது நடக்கவில்லை என்று உடனே கேட்டறிய முடியும்.

எழுதும்போது, வணிகப் பெயரும் சின்னமும் பதிப்பெண்ணும் வருமிடத்தில் புளூடூத் என்றே எழுதலாம். அது ஓர் அரசனின் பெயர், ஒரு கூட்டமைப்பின் உடைமை. நுட்பத்தைப் பொதுவாகச் சுட்டுமிடத்தில் ஊடலை என்றும், கடையில் கேட்கும் அந்தக் கருவியை ஊடலைச் செவிக்கருவி என்றும் எழுதலாம். வேற்றுமை உருபு சேர்க்கும்போது மட்டும் ஒன்றைக் கருத வேண்டும். ஊடல் என்ற சொல்லோடு ஐ உருபு சேர்ந்தாலும் ஊடலை என்றே ஆகும். ஆகவே “ஊடலை நிறுத்து” என்றால் அது தலைவியிடம் சொல்வது. கைப்பேசிக்குச் சொல்வதானால் “ஊடலையை நிறுத்து” என்று உருபை விடாமல் எழுத வேண்டும்.