புரோலிஃபரேஷன்: பரவலா, பெருக்கமா?

2004 செப்டம்பர் 30. புளோரிடா மாநிலத்தில் கோரல் கேபிள்ஸ் நகரம், மயாமி பல்கலைக்கழகம். அமெரிக்க அதிபர் தேர்தலின் முதல் நேரடி விவாதம், தலைப்பு வெளியுறவும் பாதுகாப்பும். ஒரு மேடைப்பெட்டியின் பின்னால் பதவியில் இருந்த ஜார்ஜ் புஷ், இன்னொன்றின் பின்னால் செனட்டர் ஜான் கெர்ரி. விவாதம் முடியப்போகும் நேரத்தில் நடுவர் ஜிம் லேரர் ஒரு கேள்வி போட்டார். நீங்கள் அதிபரானால், நாட்டின் பாதுகாப்புக்கு வந்திருக்கும் ஆகப் பெரிய ஆபத்து என்று எந்த ஒன்றை நினைப்பீர்கள்? கெர்ரி சுற்றி வளைக்கவில்லை. 'நியூக்ளியர் புரோலிஃபரேஷன்' என்றார். அதையே இன்னொரு முறையும் சொன்னார்.

புஷ்ஷும் தன் முறை வந்தபோது, எதிராளி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன் என்றார். ஒன்றரை மணி நேரமாக எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனது லேரருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அப்படியானால் இருவருக்கும் ஆகப் பெரிய ஆபத்து இதுதானா என்று திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளப் பார்த்தார். அங்கேதான் புஷ் ஒரு ஒட்டுப் போட்டார்: 'பயங்கரவாத எதிரியின் கையில் கிடைத்தால்.'

நாம் இந்தச் செய்தியைத் தமிழில் 'அணு ஆயுதப் பரவல்' என்று எழுதுவோம். புஷ் சொன்னதற்கு அது அச்சாகப் பொருந்தும். கெர்ரி சொன்னதற்குப் பாதிதான் பொருந்தும். மீதிப் பாதி எங்கே போனது என்று பார்க்க, சொல்லின் பூர்வீகத்துக்குப் போக வேண்டும்.

லத்தீனில் 'புரோலெஸ்' என்றால் சந்ததி, பிள்ளைகள். 'ஃபெர்ரே' என்றால் சுமத்தல், தாங்குதல். இரண்டும் சேர்ந்தால் பிள்ளை சுமப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லை 19ஆம் நூற்றாண்டில் முதலில் எடுத்துக்கொண்டவர்கள் தாவரவியலாளர்களும் உயிரியலாளர்களும். ஒரு பூவுக்குள்ளிருந்தே இன்னொரு பூ கிளம்புவது, ஒரு உயிரணு இரண்டாகி நான்காகிப் பெருகுவது, இவைதான் அதன் பழைய வேலைகள். இன்றும் மருத்துவத் தமிழில் இதை 'உயிரணுப் பெருக்கம்' என்கிறோம். அங்கே யாரும் பரவல் என்று எழுதுவதில்லை; புற்றுநோய் ஒரு உறுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போனால்தான் பரவல். மருத்துவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் சிகிச்சையே மாறிவிடும்.

(இதே 'புரோலெஸ்' வயிற்றில் பிறந்த இன்னொரு பிள்ளை 'புரோலிட்டேரியட்'. பழைய ரோமில் சொத்துபத்து இல்லாத குடிமகன் அரசுக்குக் கொடுக்கக்கூடியது பிள்ளைகளை மட்டும்தான் என்று கணக்கெழுதி வைத்த பெயர் அது. நாம் பாட்டாளி என்று உழைப்பின் பக்கமாக மொழிபெயர்த்தோம். மூலத்தைவிட மரியாதையான மொழிபெயர்ப்பு.)

பூவிலிருந்தும் உயிரணுவிலிருந்தும் இந்தச் சொல் அணுகுண்டுக்கு எப்படி வந்தது? தொடக்கத்தில் வேறு சொல் இருந்தது. 1961 டிசம்பரில் அயர்லாந்து கொண்டுவந்து ஐ.நா. பொதுச்சபை ஏற்ற தீர்மானத்தின் தலைப்பில் இருந்தது 'டிசெமினேஷன்'. அதன் வேர் விதை. கையில் அள்ளி வயலெங்கும் வீசும் விதை. அதாவது பரப்பல். நான்கு ஆண்டு கழித்து, 1965 நவம்பரில் வந்த பொதுச்சபைத் தீர்மானம் அதை விட்டுவிட்டு 'நான்-புரோலிஃபரேஷன்' என்றது. வெறும் அலங்கார மாற்றமாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. விதைப்பவன் இருந்தால் விதை வேறு நிலத்துக்குப் போகும். பெருக்கமோ இருந்த இடத்திலேயே நடக்கும், வாழையடி வாழையாக. பக்கத்துத் தோட்டத்துக்குக் கன்று போகாவிட்டாலும் தாய் மரத்தடியில் பத்துக் கன்று வந்துவிடும்.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடியது இந்தியா. ஜெனிவாவில் கூடிய பதினெட்டு நாடுகளின் ஆயுதக் குறைப்புக் குழுவில் இந்தியப் பிரதிநிதி வி. சி. திரிவேதி வைத்த வாதத்தின் சாரம் இது: இனிமேல் வரக்கூடிய பெருக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஏற்கெனவே நடந்த, இப்போதும் நடந்துகொண்டிருக்கிற பெருக்கத்தின் விளைவுதானே அது? முதலில் அதை நிறுத்துங்கள். பிற்பாடு இதற்குப் பெயர்களும் வந்தன. புதிய நாடுகளுக்குப் போவது கிடைமட்டப் பெருக்கம், வைத்திருப்பவனே மேலும் மேலும் சேர்ப்பது செங்குத்துப் பெருக்கம்.

எண்களை வைத்துப் பார்த்தால் திரிவேதியின் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தது என்று புரியும். 1960 அக்டோபர் 13 அன்று, நிக்சனுடன் நடந்த மூன்றாவது விவாதத்தில், வேட்பாளர் கென்னடி ஒரு எச்சரிக்கை விடுத்தார்: அடுத்த அதிபரின் காலம் 1964இல் முடிவதற்குள் 10, 15, ஏன் 20 நாடுகளுக்குக்கூட அணு ஆயுதத் திறன் வந்துவிடலாம். 1964 முடிந்தபோது புதிதாகக் குண்டு வெடித்திருந்தது சீனா மட்டும். பட்டியல் நான்கிலிருந்து ஐந்தானது, அவ்வளவுதான். ஆனால் கென்னடி பேசிய ஆண்டில் சுமார் 18,600 ஆக இருந்த அமெரிக்காவின் சொந்த அணுகுண்டுக் கையிருப்பு 1967இல் 31,255 ஆகியிருந்தது. பிற்பாடு அமெரிக்க அரசே வெளியிட்ட எண் இது. பரவல் என்று பார்த்தால் ஒன்று கூடியது. பெருக்கம் என்று பார்த்தால் 12,000க்கு மேல்.

1968இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1970 மார்ச் 5 அன்று நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1க்கு முன்னால் வெடித்துப் பார்த்தவர்களை மட்டும் அணு ஆயுத நாடுகள் என்று ஏற்றுக்கொண்டது. அவர்கள் குவிப்பதற்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆறாவது பிரிவில், ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம் என்று ஒரு வாக்கு இருக்கிறது. இந்தியா கையெழுத்துப் போடவில்லை. பாகிஸ்தானும் இஸ்ரேலும் போடவில்லை. வட கொரியா உள்ளே வந்து, 2003இல் வெளியேறுவதாக அறிவித்தது.

சரி, தமிழுக்கு வருவோம்.

'பரவு' என்பது தன்வினை. நோய் பரவுகிறது, தீ பரவுகிறது, வதந்தி பரவுகிறது. யார் செய்தார்கள் என்ற கேள்வியே அதில் எழாது. பக்தி இலக்கியத்தில் பரவுதல் என்றால் போற்றுதல். அந்தப் பொருளில் படித்தால் 'அணு ஆயுதப் பரவல்' அணுகுண்டைத் துதி பாடுவதாகிவிடும், சில ராணுவ ஆய்வாளர்களுக்கு அது பொருந்தவும் செய்யும். இன்னொன்று, பரவல் எப்போதும் கெட்ட சொல்லும் இல்லை. அதிகாரப் பரவல் வேண்டும் என்று நாமே கேட்கிறோம்.

இதன் பிறவினை 'பரப்பு'. இங்கே செய்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். பாகிஸ்தானின் அப்துல் காதீர் கான் செய்தது பரப்பல். யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரங்களின் தொழில்நுட்பத்தை லிபியாவுக்கும் ஈரானுக்கும் வட கொரியாவுக்கும் விற்றார். 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலை இத்தாலிக்குத் திருப்பி, மலேசியாவில் செய்த மையவிலக்குப் பாகங்களை இறக்கினார்கள். 2004 பிப்ரவரியில் கான் தொலைக்காட்சியில் தோன்றி ஒப்புக்கொண்டார். இவ்வளவு பேர், இவ்வளவு பணம், ஒரு கப்பல், ஒரு தொழிற்சாலை. இதைப் 'பரவியது' என்று எழுதினால் பனிக்காலத்துச் சளி மாதிரி ஆகிவிடுகிறது.

'பெருகு', 'பெருக்கு' இரண்டுக்கும் பொதுவாகப் 'பெருக்கம்' என்ற பெயர்ச்சொல் கிடைக்கிறது. மக்கள்தொகைப் பெருக்கம், கொசுப் பெருக்கம், விலையே ஏறிப்போனால் பணப்பெருக்கம். தானாக நடந்தாலும் ஒருவர் செய்தாலும் அது தாங்கும். லத்தீன் வேரில் இருக்கும் பிள்ளைபெறும் வாடையும் இதில் உண்டு. புரோலிஃபரேஷனுக்கு நேர் தமிழ் பெருக்கம்தான் என்பது என் கட்சி. பரவல் அதில் ஒரு வகை. குவிப்பு இன்னொரு வகை. 'ஆயுதக் குவிப்பு' என்று நாம் ஏற்கெனவே நன்றாகவே எழுதிவருகிறோம். அதுதான் செங்குத்துப் பெருக்கம் என்று தெரியாமலே.

அடுத்த சிக்கல் 'நான்-புரோலிஃபரேஷன்' என்பதில் வரும் 'நான்' (non) என்ற ஆங்கில முன்னொட்டு. அதைத் 'தடை' என்று எழுதிப் பழகிவிட்டோம்: அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். 1996இல் வந்தது அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம், அங்கே மூலத்திலேயே தடை இருக்கிறது. 2017இல் ஐ.நா.வில் ஏற்கப்பட்டு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது அணு ஆயுதத் தடை ஒப்பந்தம், அங்கேயும் தடை சரி. மூன்று தடைகளையும் அடுத்தடுத்துப் படிக்கிற வாசகர் எது எதைத் தடுக்கிறது என்று தடுமாறினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தடை என்பது ஒருவர் மற்றவருக்குப் போடுவது. ஆங்கில மூலத்தில் இருப்பதோ எதிர்மறை மட்டும். அதற்குத் தமிழில் தகுந்த விகுதி ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குக் குறையாமல் புழக்கத்தில் இருக்கிறது: கொல்லாமை, கள்ளாமை, கள்ளுண்ணாமை. வள்ளுவர் வைத்த அதிகாரப் பெயர்கள். 'ஆமை' என்று முடிந்தால் அது நான் செய்யமாட்டேன் என்பது. அடுத்தவன் கையைப் பிடிப்பது இல்லை. அந்தக் கணக்கில் 'பெருக்காமை' என்று சொல்லலாம். வீட்டைப் பெருக்காமல் போட்டிருக்கிறார்களா என்று யாராவது சிரிப்பார்கள், நானே சிரித்தேன். 'பரவாமை' கொஞ்சம் மரியாதையாக ஒலிக்கிறது. ஒப்பந்தத்தின் பெயரை இனி மாற்ற முடியாது, அது ஊன்றிவிட்டது. ஆனால் கட்டுரைக்குள் பேசும்போது தடையையும் ஆமையையும் பிரித்து எழுதலாம். மூன்றாவதாக 'கவுண்டர்-புரோலிஃபரேஷன்' என்றொன்று உண்டு. 1993இலிருந்து அமெரிக்கப் பாதுகாப்புத் துறை புழங்கும் சொல். கப்பலை மறிப்பது, எந்திரத்தைப் பிடுங்குவது எல்லாம் அதில் வரும். பரவல் முறியடிப்பு என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்தச் சொற்களோடு திரும்ப மயாமி மேடைக்குப் போனால் இரண்டு வேட்பாளர்களும் தனித்தனியாகத் தெரிகிறார்கள். பழைய சோவியத் நாடுகளில் 600 டன்னுக்கு மேல் அணுப் பொருள் சரியான பூட்டில்லாமல் கிடக்கிறது, இப்போதைய வேகத்தில் அதைப் பத்திரப்படுத்த 13 ஆண்டு ஆகும், நான் நான்கே ஆண்டில் முடிப்பேன் என்றார் கெர்ரி. இது பரவல் பற்றிய கவலை. உடனே அடுத்த விஷயத்துக்குத் தாவினார். பூமிக்கடியில் இருக்கும் பதுங்கு அறைகளைத் துளைக்கும் புது வகை அணுகுண்டுக்கு இந்த அரசு ஆராய்ச்சி நடத்துகிறது. மற்றவர்களிடம் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு நாமே புதிதாகச் செய்வதா, நான் வந்தால் அதை மூடிவிடுவேன். இது பெருக்கம் பற்றிய பேச்சு, வாழையடியில் முளைக்கும் புதுக் கன்றைப் பற்றியது. அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிற ஒருவர் அந்தச் சொல்லின் இரண்டு பாதியையும் ஒரே பதிலில் தொட்டது எனக்குத் தெரிந்து அபூர்வம்.

புஷ்ஷின் பதிலில் இருந்தது முழுக்க முறியடிப்பு. 60க்கு மேற்பட்ட நாடுகளோடு சேர்ந்து கடத்தலை மறிக்கிறோம், கான் வலையமைப்பை உடைத்தோம், லிபியாவை ஆயுதம் களைய வைத்தோம், ஏவுகணைத் தடுப்பு அமைக்கிறோம். பதுங்கு அறைக் குண்டு பற்றி அந்தப் பதிலில் ஒரு வார்த்தை இல்லை. அவர் அகராதியில் அது புரோலிஃபரேஷனே கிடையாது. குண்டு யார் கையில் என்பதுதான் கேள்வி. வட கொரியா விஷயத்திலும் இதே பிளவுதான். கெர்ரி நேருக்கு நேர் பேச வேண்டும் என்றார், புஷ் சீனாவையும் சேர்த்த ஆறு நாட்டுப் பேச்சை விடக்கூடாது என்றார். தேர்தலில் வென்றவர் புஷ். அந்தக் குண்டு ஆராய்ச்சிக்கு அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருந்த காங்கிரஸ் அதே ஆண்டு பணம் மறுத்தது. வட கொரியா 2006 அக்டோபர் 9 அன்று அணுகுண்டை வெடித்துப் பார்த்தது.

அந்த விவாதத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து இந்தச் சொல்லைத் தலைகீழாகப் பிடித்தார் இன்னொருவர். 2016 மார்ச்சில் வேட்பாளர் டிரம்ப், வட கொரியாவிடம் குண்டு இருக்கும்போது ஜப்பானிடமும் இருந்தால் ஒருவகையில் நல்லதுதானே என்ற மாதிரி பேசினார். ஹிலாரி கிளின்டன் அதைப் பிரசாரம் முழுக்க எடுத்து அடித்தார். அந்தச் செய்திக்கு 'பரவல்' கச்சிதமான சொல்; அங்கே பெருக்கம் என்று எழுதுவது தப்பு.

கோரல் கேபிள்ஸில் புஷ் விட்ட ஒரு வாக்கியத்தை மட்டும் எப்படித் தமிழாக்குவது என்று இன்னும் யோசிக்கிறேன். வேகத்தில் 'தடுப்பு' என்ற பகுதியை விழுங்கிவிட்டு, நாட்டைப் பாதுகாக்கும் எங்கள் உத்தியின் மையங்களில் ஒன்று புரோலிஃபரேஷன் என்று சொல்லிவிட்டார். எந்த மொழிபெயர்ப்பாளரும் 'பரவல் தடுப்பு' என்று திருத்தித்தான் போடுவார், போட வேண்டும். ஆனால் பதுங்கு அறைக் குண்டை நினைத்துக்கொண்டு 'பெருக்கம்' என்று அப்படியே போட்டாலும் அந்த வாக்கியம் பிழையில்லாமல் நிற்கிறது.