சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள், சிஸ்டர்

இரவு டூட்டி. காய்ச்சலில் வந்த பெரியவருக்கு ட்ரிப் போட வேண்டும், நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது முறை ஊசி குத்தியதும் கூட வந்த மகன், "வேலை தெரியுமா உனக்கு?" என்று பிடித்துத் தள்ளுகிறார். ஊசி ட்ரே தரையில் சிதறுகிறது, நர்ஸ் சுவரில் போய் மோதுகிறார். மறுநாள் காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது தருகிறார்கள். புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான் அது, எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) இல்லை. "கூப்பிட்டு விசாரிக்கிறோம்மா." அதோடு சரி. கற்பனைக் காட்சிதான், ஆனால் வார்டில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது.

இதற்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. மருத்துவப் பணியாளர்கள், மருத்துவமனைகள் மீதான வன்முறையையும் சொத்துச் சேதத்தையும் தடுக்கும் 2008-ம் ஆண்டுச் சட்டம். முழுப் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம். எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: 48/2008. டாக்டர், நர்ஸ், மருத்துவ மாணவர், நர்சிங் மாணவி, துணை மருத்துவப் பணியாளர் எல்லோரும் இதில் அடக்கம். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதம் இல்லை. அடித்தால்தான் வன்முறை என்றும் இல்லை. மிரட்டுவது, வேலை செய்ய விடாமல் மறிப்பது, கண்ணாடியை உடைப்பது எல்லாமே வன்முறைதான்.

தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, கூடவே அபராதம். உடைத்த பொருளுக்கு இழப்பீடு தனி. வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஜாமீனில் விட முடியாத குற்றம் என்பதை, ஜாமீனே கிடைக்காது என்று பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது, நீதிமன்றத்தில் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கொரோனா காலத்தில் மத்திய அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை என்று கொண்டுவந்தது. அது கொள்ளைநோய்க் காலத்துக்கு மட்டும். சாதாரண நாளில் நமக்குக் கை கொடுப்பது 2008 சட்டம்தான். அரசு ஊழியராக இருந்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-வது பிரிவும் (அரசு ஊழியரை வேலை செய்ய விடாமல் தாக்குவது) சேரும். ஆனால் அதில் அதிகபட்சமே 2 ஆண்டுதான். அதை மட்டும் போட்டு முடித்துவிட்டால் வழக்கு பாதியாக இளைத்துவிடும்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, மத்திய சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது: பணியில் இருப்பவர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனமே எஃப்.ஐ.ஆர். பதிவாகச் செய்ய வேண்டும். பொறுப்பு நிறுவனத் தலைவருக்கு. அடி வாங்கியவர் தனியாக ஸ்டேஷன் படியேறாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. அதே ஆண்டு நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். சட்டம் வந்து பதினாறு ஆண்டு ஆகியும் இந்த நிலை.

நோயாளியோடு வருபவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சையில் தவறு நடந்தது என்ற சந்தேகம் நியாயமாகவே இருக்கலாம், இந்தச் சட்டம் அதைக் கேட்க விடாமல் தடுக்கவில்லை. அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் செய்யலாம். டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கையை ஓங்கிவிட்டால், நம் பக்க நியாயத்தைக் கேட்க ஆள் இருக்காது.

சரி, அடி வாங்கியவர் என்ன செய்வது? முதலில் கேஷுவால்ட்டியில் உங்கள் பெயரில் ஏ.ஆர். (காயத்தைக் குறித்து வைக்கும் விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். "சின்ன சிராய்ப்புதானே" என்று விட்டுவிடாதீர்கள். சி.சி.டி.வி. பதிவு அழிவதற்குள் எடுத்து வைக்கும்படி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். புகாரில் '48/2008 சட்டம், பிரிவு 3' என்று நீங்களே குறிப்பிடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வாங்கியதும் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பதிய மறுத்தால் எஸ்.பி. அல்லது கமிஷனருக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.