லினக்ஸ் பூட் ஆவது சான்றன்று

உவர்மலையிலும் உப்புவெளியிலும் வீட்டிலிருந்தபடியே திறமூலத் திட்டங்களுக்குக் கோட் எழுதும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் திருகோணமலையில் பெருகிவருவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் மெயின்பிரேம் என்னும் பெருங்கணினியின் வன்பொருளை மெய்நிகர் இயந்திரத்துக்குள் எமுலேட் செய்யும் (மென்பொருளால் போலச்செய்யும்) பகுதியைத் திருத்திவிட்டு, ‘லினக்ஸ் பூட் ஆகிறது, ஆகவே சரி’ என்ற ஒற்றை வரியோடு ரிவியூவுக்கு அனுப்பும் வழக்கம் இந்த வாரமும் தொடர்ந்ததால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

லினக்ஸ் கேர்னல் சேனலுக்கு (மெயின்பிரேமில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் கவனிக்கும் பகுதிக்கு) அனுப்பும் கட்டளைகள் விதிப்படி அமைந்தவை. விதி மீறிய கட்டளை வந்தால் உங்கள் கோட் என்ன செய்யும் என்பதை பூட் ஒருபோதும் சோதிப்பதில்லை. தாக்க நினைப்பவனோ தானே எழுதிய சிறு புரோகிராமை கெஸ்டுக்குள் (மெய்நிகர் இயந்திரத்துக்குள்) ஓடவிட்டு, நீளத்தைப் பொய்யாகச் சொல்லி, கட்டளைச் சங்கிலியை முடிவின்றிச் சுற்றவிடுவான். 2015இல் வெளியான ‘வெனம்’ பாதுகாப்பு ஓட்டையை நினைத்துப் பாருங்கள்: க்யூஎமு என்ற எமுலேட்டரின் பிளாப்பி கன்ட்ரோலரில் பல்லாண்டுகள் கிடந்த அந்தப் பிழை, பிளாப்பியே இணைக்காத இயந்திரங்களையும் ஆபத்துக்குள்ளாக்கியது. அவை அனைத்தும் அதுவரை ஒழுங்காகவே பூட் ஆகிக்கொண்டிருந்தன.

இந்த வாரம் வந்த பேட்ச்சையே (கோட் திருத்தத்தையே) எடுப்போம். சேனல் கட்டளை ஒவ்வொன்றும் 8 பைட். அதன் பழைய வடிவத்தில் முதல் பைட் கட்டளை, அடுத்த 3 பைட் முகவரி. 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 காலத்து 24 பிட் முகவரி இன்றும் உயிரோடிருப்பது இந்தக் கட்டமைப்பின் பெருமை. அதைக் காப்பது நம் கடமை. பேட்ச் எழுதியவர் முதல் 4 பைட்டை ஒரே எண்ணாக வாசித்து, கீழ் 24 பிட்டை முகவரியாகக் கொண்டார். 02 00 20 00 என்ற பைட்கள் (பதினாறடிமானத்தில்) மெயின்பிரேமின் பிக்-என்டியன் முறையில், அதாவது பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் முறையில், 8192 என்ற முகவரியைத் தரும். பைட் வரிசையை மாற்றாமல் எக்ஸ்86 ஹோஸ்டில் (மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும், பைட் வரிசை தலைகீழான சாதாரணக் கணினியில்) வாசித்தால் 2097154 வரும், அதாவது கட்டளை பைட்டே முகவரிக்குள் புகுந்துவிடும். லினக்ஸ் டிரைவர்கள் புதிய வடிவத்தையே பயன்படுத்துவதால் இந்தப் பாதை தொடப்படவே இல்லை. பூட் மட்டும் அழகாக முடிந்தது.

ஆகவே, கெஸ்டிலிருந்து வரும் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். கட்டளையை ஒருமுறை மட்டும் உங்கள் எமுலேட்டரின் நினைவகத்துக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியையே சரிபார்த்து, அதையே பயன்படுத்துங்கள். கெஸ்ட் நினைவகத்தை இரண்டாம் முறை வாசித்தால், இடையில் இன்னொரு மெய்நிகர் சிபியு அதை மாற்றியிருக்கலாம். தரவு எதையும் நகர்த்தாமல் தாவிக்கொண்டேயிருக்கும் சங்கிலிக்கு ஒரு வரம்பு வையுங்கள். பிழையான கட்டளைக்கு எந்த நிலைக்குறியீடு திரும்ப வேண்டும் என்பதை ஐபிஎம்மின் ‘பிரின்சிபிள்ஸ் ஒஃப் ஒப்பரேஷன்’ கையேட்டில் பார்த்து, அந்தப் பகுதியின் பெயரை பேட்ச் விளக்கத்தில் எழுதுங்கள். ஊகித்து எழுதிய குறியீட்டை நான் ஏற்கமாட்டேன். கேவிஎம்-யூனிட்-டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பில் எஸ்390எக்ஸுக்கான (இந்த மெயின்பிரேம் கட்டமைப்புக்கான) சோதனைகள் உள்ளன. உங்கள் பாதைக்கும் அங்கே ஒரு சோதனை எழுத அதிக நேரம் ஆகாது.

நேரமில்லாவிட்டால், எந்தப் பாதையைச் சோதிக்கவில்லை என்பதையாவது தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். அதை நான் குறையாகக் கொள்ளமாட்டேன். ரிவியூவை அங்கிருந்தே தொடங்குவேன்.