ரிப்போர்ட்டில் 'நார்மல்', உள்ளே நிராகரிப்பு

"கிரியாட்டினின் நார்மல்னுதான் போட்டிருந்தது டாக்டர், அதான் வரல." மாற்றுச் சிறுநீரகம் பாதி கெட்ட பிறகு வருகிறவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய ரத்தக் கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் அது ஏறும். லேப் தாளின் ஓரத்தில் 0.7–1.3 என்று அச்சடித்திருப்பது இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருப்பவர்களுக்கான அளவு. உங்களுக்கு அளவுகோல் உங்கள் பழைய ரிப்போர்ட்தான். மாதக்கணக்கில் 0.9-இல் நின்றது 1.2 ஆனால், தாளில் தடித்த எழுத்து வராது; ஆனால் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. கால் பங்கு ஏறினாலே அன்றைக்கே போன் செய்யுங்கள். எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள். பரிசோதனை முறை மாறினாலும் எண் மாறும். சிறுநீர் நன்றாகப் போகிறது, வலி இல்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. நிராகரிப்பு, அதாவது உங்கள் உடலே மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்குவது, பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் வரும்.

கிரியாட்டினினே தாமதமாக ஏறுவதுதான். அதற்கு முன்பே துப்புக் கொடுக்கக்கூடியவை இரண்டு. ஒன்று டிஎஸ்ஏ, அதாவது கொடையாளியின் திசுவுக்கு எதிராக உங்கள் உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி. நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர்களிடம் இது அதிகம். இன்னொன்று, சிதையும் மாற்றுச் சிறுநீரகத்திலிருந்து ரத்தத்தில் கலக்கும் கொடையாளியின் டிஎன்ஏ. ரத்தத்தில் மிதக்கும் மொத்த டிஎன்ஏவில் இது 1 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்படுவோம். இதற்குத் தனிக் குழாய் வேண்டும். சாதாக் குழாயில் வைத்திருந்தால் வெள்ளணு உடைந்து உங்கள் டிஎன்ஏவும் சேர்ந்து, சதவீதம் பொய்யாக இறங்கும். பயாப்சி (ஊசியால் சிறுநீரகத்திலிருந்து துளித் திசு எடுக்கும் சோதனை) செய்த கையோடு எடுத்தால் பொய்யாக ஏறும். வெள்ளணுக்கள் நேரடியாகத் தாக்கும் லேசான செல்வழி நிராகரிப்பு இதற்குத் தப்பிவிடுவதும் உண்டு. எதுவானாலும் உறுதி செய்வது பயாப்சிதான். ஊசி குத்தினால் கிட்னி போய்விடும் என்று பயந்து மாதங்களைக் கடத்தாதீர்கள்.

புதுச் சோதனைகள் இருக்கட்டும், நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பழைய 'லெவல்' சோதனையையாவது ஒழுங்காகக் கொடுங்கள். இரவு 8 மணிக்கு மாத்திரை என்றால் காலை 8 மணிக்கு ரத்தம், அதன் பிறகே காலை மாத்திரை. போட்டுவிட்டு வந்து கை நீட்டினால் லெவல் ஏறித் தெரியும், நாங்கள் டோஸைக் குறைப்போம், நிராகரிப்புக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். மறந்து போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இரண்டும் லெவலைத் தரைமட்டமாக்கும். வேறு டாக்டர் எழுதித் தந்தால் முதல் மாத்திரை போடுவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். மெடிக்கலில் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒரு வாரத்துக்குள் லெவல் பார்க்க வந்துவிடுங்கள்.